குரலால் பறவையை அறிய எந்த வழி: செயலியா, ஒலிப்பதிவா, கூட்டு நடையா, தனிச் செவியா?

மருதமலை அடிவாரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் கரையில் வேம்பும் புங்கனும் நிற்க, இடையிடையே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே அரை மணி நேரம் நின்று நான் எழுதும் பட்டியலில் வழக்கமாக இருபது இனங்களுக்குக் குறையாது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட பெயர்களின் எதிரே 'கே' என்ற ஒற்றை எழுத்து இருக்கும். கேட்டேன், பார்க்கவில்லை என்பது அதன் பொருள். வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வந்து சேரும் பிளைத் நாணல் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் புதருக்குள்ளிருந்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டியது போல "செக்... செக்" என்று நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புக் குருவியை ஒரு பருவத்தில் நான் கண்ணால் காண்பது நான்கைந்து முறைதான். காதை நம்பாதவருக்கு அந்தப் பறவை அந்தப் புதரில் இல்லை.

ஆகவே பறவை நோக்குதலில் ஓரளவு கால் ஊன்றியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் குரல்களைக் கற்க முடிவு செய்கிறார்கள். எப்படிக் கற்பது என்பதில்தான் தடுமாற்றம். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. வீட்டில் அமர்ந்து கேட்பதற்கு இணையத்தில் ஒலிப்பதிவுத் தொகுப்புகள் இருக்கின்றன. தேர்ந்தவர்களோடு ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகலாம். யாருடைய துணையும் இல்லாமல், கூப்பிடும் பறவையைத் தேடிப் பிடித்துப் பார்த்துக் குறிப்பெழுதியே கற்கலாம். நான்கையும் கடந்த ஒன்பது ஆண்டுகளில் வெவ்வேறு அளவில் முயன்று பார்த்திருக்கிறேன். செலவைப் பொறுத்தவரை இவற்றுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. செயலிகளும் தொகுப்புகளும் இலவசம், மற்ற இரண்டுக்கும் ஓர் இருநோக்கி போதும். ஒப்பிட வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, வழியில் கேட்ட குரலுக்கு எவ்வளவு விரைவாகவும் சரியாகவும் பெயர் கிடைக்கிறது என்பது; மற்றொன்று, ஆறு மாதம் கழித்து அதே குரல் கேட்கும்போது எந்தத் துணையும் இல்லாமல் அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறதா என்பது. முதல் அளவுகோலில் முந்தி நிற்கும் வழி இரண்டாவதில் கடைசியில் நிற்கிறது என்பதே என் அனுபவம். தேர்வைக் கடினமாக்குவதும் அதுதான்.

செயலிகளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இன்று பெரும்பாலோர் தொடங்கும் இடம் அதுவே. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட மெர்லின் என்ற செயலியில் ஒலியைக் கொண்டு அடையாளம் காணும் வசதி 2021-இல் சேர்ந்தது. தொடக்கத்தில் அமெரிக்கா, கனடா நாடுகளின் பறவைகளை மட்டும் அறிந்திருந்த அது, பின்னர் இந்தியப் பறவைகளையும் கற்றுக்கொண்டது. அது வேலை செய்யும் விதம் சுவையானது. ஒலிவாங்கி பெறும் ஒலியை அது முதலில் ஒலிப்படம் என்னும் ஒரு படமாக மாற்றுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, கருமையின் அடர்த்தியில் ஓசையின் வலிமை. பிறகு, முகத்தைப் பார்த்து ஆளை அறியும் கணினி செய்வது போல, அந்தப் படத்தின் வடிவங்களைத் தான் பயின்ற ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்கிறது. நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத காட்டிலும் வேலை செய்யும்; அந்தத் தொகுப்பு சில நூறு எம்.பி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய கைபேசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. பட்டியலில் ஏற்கெனவே உள்ள பறவை மறுபடி கூப்பிட்டால் அதன் பெயர் அந்தக் கணமே ஒளிர்ந்து காட்டும். ஐந்தாறு பறவைகள் ஒன்றாகக் குரல் கொடுக்கும் காலைப் பொழுதில் எந்த ஒலி எவருடையது என்று பிரித்துக் காட்ட இதைவிட எளிய வசதி வேறில்லை.

இதே கார்னெல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் சற்று வேறு மாதிரி. அதில் ஒலியைப் பதிந்து, திரையில் ஓடும் ஒலிப்படத்தில் நமக்கு வேண்டிய துண்டை விரலால் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்; அதற்கு இணைய இணைப்பு வேண்டும். கொஞ்சம் தொல்லைதான். ஆனால் கற்பவருக்கு அந்தத் தொல்லை நல்லது என்று நினைக்கிறேன். எந்தத் துண்டை அனுப்புவது என்று தீர்மானிப்பதற்கே ஒலிப்படத்தை உற்றுப் பார்க்க வேண்டியிருப்பதால், செண்பகத்தின் "ஊப்... ஊப்" படத்தின் அடிமட்டத்தில் தடித்த புள்ளிகளாகக் கிடப்பதும், தேன்சிட்டின் கீச்சொலி மேலே மெல்லிய கீற்றுகளாக ஓடுவதும் தாமாகவே மனத்தில் பதிகின்றன. விரைவு வேண்டுவோருக்கு மெர்லின், ஒற்றைக் குரலை ஆராய விரும்புவோருக்கு பேர்ட்நெட் என்று பிரிப்பது பொருந்தும்.

செயலிகள் எங்கே சறுக்குகின்றன என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை சறுக்கும்போதும் அதே உறுதியான முகத்தோடுதான் பெயரைக் காட்டுகின்றன. சென்ற மார்ச் மாதத்தில் ஒரு காலை, பள்ளத்தின் மேல் போகும் மின்கம்பியிலிருந்து வல்லூறின் இரட்டைக் கத்தல் கேட்டது. செயலியும் வல்லூறு என்றே சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கீழே மேய்ந்துகொண்டிருந்த மைனாக்கள் சிதறிப் பறக்க, அது இறங்கி அவை விட்டுப்போன புழுவை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. பயங்காட்டி இரையைப் பறிப்பதற்காகக் கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தும் என்பது அறியப்பட்ட செய்தியே. ஏமாந்தவர்கள் மூவர்: மைனா, செயலி, நான். நிமிர்ந்து பார்த்ததால் நான் மட்டும் தப்பினேன். மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் இந்த வித்தையில் இன்னும் கைதேர்ந்தது. அது ஒரு மரத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பாடினால் செயலியின் பட்டியலில் அந்தக் காட்டின் பாதிப் பறவைகள் வந்துவிடும். ஜெர்டன் இலைக்கிளியும் அப்படிப்பட்டதே.

போலிக் குரல்களை விட்டுவிட்டாலும், "சிக்" என்று ஒரே ஓர் அசையில் முடிந்துவிடும் குளிர்கால அழைப்புகளில் செயலி அடிக்கடி தடுமாறுகிறது. பேருந்தின் இரைச்சலிலும் விசைத்தறியின் ஓசையிலும் மெல்லிய குரல்களைத் தவறவிடுகிறது. எந்தப் பறவைக்கு நல்ல பதிவுகள் நிறையக் கிடைத்தனவோ அதையே அது நன்றாகக் கற்றிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பறவை நோக்குவோர் தங்கள் பட்டியல்களைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டில் பதிவேற்றும்போது, செயலி சொன்னதை மட்டும் நம்பாமல், நாமே உறுதி செய்துகொண்ட பறவையைத்தான் எழுத வேண்டும் என்ற வேண்டுகோள் இருப்பதும் இதனால்தான். நான் சொன்ன இரண்டாம் அளவுகோலில் செயலிக்குக் கிடைக்கும் மதிப்பெண் இன்னும் குறைவு. முதல் ஆண்டு முழுவதும் கைபேசியை நீட்டிக்கொண்டு நடந்தேன். ஆண்டு முடிவில் என் பட்டியலில் நூற்றுப் பத்து இனங்கள் இருந்தன. கைபேசி இல்லாமல் குரல் சொல்லத் தெரிந்தவை, காக்கையையும் குயிலையும் மயிலையும் சேர்த்துப் பதினான்கு.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கற்பது பழைய முறை. எவ்வளவு பழையது என்றால், இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பறவை ஒலிப்பதிவு 1889-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லுட்விக் கோச் என்ற எட்டு வயதுச் சிறுவன் ஜெர்மனியில் எடிசனின் மெழுகு உருளையில் அதைப் பிடித்தான். கூண்டில் இருந்து அவனுக்காகப் பாடிய பறவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் நாமும் கேட்கும் சோலைபாடி. இன்று இந்த வேலைக்கு இரண்டு பெரிய களஞ்சியங்கள் இருக்கின்றன. கார்னெலின் மெக்காலே நூலகம் ஒன்று. நெதர்லாந்தில் 2005-இல் இருவர் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பதிவேற்றுவதால் வளர்ந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களின் குரல்களைக் கொண்டிருக்கும் ஸெனோ-கான்டோ மற்றொன்று. பின்னதையே நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் தரத்தைக் குறிக்க ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து, பதிந்த இடம், நாள், அது பாட்டா, அழைப்பா, அபாய ஒலியா என்ற குறிப்பு, கீழே ஒலிப்படம் என எல்லாம் இருப்பதால், தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ பதிந்த ஏ தரப் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கலாம். இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பல இனங்களின் பாட்டு ஊருக்கு ஊர் மாறும்.

இந்த முறையின் சிக்கல் அளவில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கட்டணம் கட்டி இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டேன். குளிரூட்டிய அறையில் திரையில் படம் காட்டி, ஒன்றன் பின் ஒன்றாக நூற்றிருபது பறவைகளின் குரல்களை ஒலிக்கவிட்டார்கள். நடத்தியவர்களின் அறிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை பள்ளத்துக்குப் போய் நின்றபோது எனக்கு நினைவிருந்தவை நான்கு. அறையில் கேட்ட குரலுக்கு மரமும் இல்லை, வெயிலும் இல்லை, தூரமும் இல்லை. பிடித்து வைத்துக்கொள்ள அதில் கொக்கியே இல்லை என்று பின்னால் புரிந்தது. பதிவில் பறவை காதருகே பாடுகிறது, வெளியே அது அறுபது அடி தள்ளி இலைகளுக்குப் பின்னால் பாடுகிறது என்ற வேறுபாடும் தொடக்கத்தில் குழப்பும்.

ஆனால் வெளியே கேட்டுக் குழம்பிய இரண்டு குரல்களைப் பிரித்தறிய ஒலிப்பதிவுக்கு ஈடாக எதுவும் இல்லை. தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும் இரண்டு ஆண்டுகள் என்னை அலைக்கழித்தன. இரண்டும் விரல் நீளப் பறவைகள், இரண்டும் வீட்டுத் தோட்டத்தில் வாழ்பவை, இரண்டும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. ஒருநாள் இரவு இரண்டின் பதிவுகளையும் மாற்றி மாற்றிப் பத்து முறை கேட்டேன். தையல்சிட்டின் "டுவிட், டுவிட், டுவிட்" சம்மட்டி அடி போல ஒவ்வொன்றும் தனித்து, உடம்புக்குப் பொருந்தாத உரப்போடு விழுகிறது. சாம்பல் கதிர்க்குருவியின் பாட்டில் சொல் சுழன்று அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, ஒரு சக்கரம் கிறீச்சிட்டு உருள்வது போல. அதோடு கதிர்க்குருவி பறக்கும்போது மின்பொறி தெறிப்பதைப் போன்ற சடசடப்பு ஒன்று கேட்கும். தையல்சிட்டிடம் அது கிடையாது. மறுநாள் காலைக்குப் பிறகு அவற்றை நான் குழப்பிக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் மரவுச்சியில் வந்து அமரும் பச்சைக் கதிர்க்குருவிகளைப் பார்த்துப் பிரிப்பது கழுத்து வலிக்கும் வேலை. அவற்றுள் ஒன்று ஈரசையாகவும் அதன் நெருங்கிய உறவான மற்றொன்று மூவசையாகவும் அழைக்கிறது என்பதைப் பதிவில் கேட்டுத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பதிவைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கற்றலாகாது. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டதாக எண்ணி, அது கூட்டையும் குஞ்சையும் விட்டு அலறிக்கொண்டு வரும். நாம் படம் எடுத்துக்கொண்டு போன பிறகும் அதன் பதற்றம் தீர நேரமாகும். காதணிபேசி மாட்டிக்கொண்டு கேளுங்கள், அல்லது வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

காதால் கேட்டதைச் சொல்லாக்கி நினைவில் வைப்பதைத் தனி வழியாகக் கொள்ளாமல், எல்லா வழிகளுக்கும் உதவும் கருவியாகவே கொள்கிறேன். ஆங்கிலத்தில் பறவை நோக்குவோர் சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் கத்தலை "டிட் ஹி டூ இட்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொற்றொடரை வாங்கிப் பயன்படுத்தும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குச் சிறிது வருத்தம்தான். ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்று அதன் பெயரிலேயே நம் முன்னோர் குரலின் பயனைச் சொல்லிவிட்டார்கள். காக்கை, குயில், குக்குறுவான் ஆகிய பெயர்கள் அந்தந்தப் பறவை தானே சொல்லிக்கொள்பவை. பள்ளியில் மரபுச் சொற்களாக நாம் மனப்பாடம் செய்த காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், புறா குனுகும் என்ற பட்டியல் உண்மையில் ஒரு நல்ல ஒலிக் கையேடு. குனுகல் என்ற சொல்லை உதட்டை மூடிச் சொல்லிப் பார்த்தவருக்கு மாடப்புறாவின் குரலை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆந்தை அலறும், கூகை குழறும் என்பதில் மட்டும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இன்று கூகை என்று நாம் குறிக்கும் வெண்முகப் பறவை நள்ளிரவில் அலறுவதையும், புள்ளி ஆந்தை அந்தி நேரத்தில் ஜோடியாகக் குழறுவதையும் கேட்டவர்கள் அந்த இரண்டு வினைகளையும் இடம் மாற்றிப் போட விரும்புவார்கள்.

கூட்டு நடை என்ற மூன்றாவது வழிக்கு வருவோம். சென்னையில் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளும், பல மாவட்டங்களில் உள்ள சிறு குழுக்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கும் காட்டோரத்துக்கும் ஆட்களை அழைத்துப் போகின்றன. குரல் கற்பவருக்கு இதிலுள்ள பெரும்பயன், கேட்ட கணத்திலேயே கேட்டுவிட முடிவதுதான். அந்த விடை வெறும் பெயராக வருவதில்லை. சிறுவாணிச் சாலையில் ஒருமுறை, வேலையில்லாத பையன் ஒருவன் பாட்டு மறந்துபோய்ச் சீழ்க்கையடித்தபடி போவது போல ஒரு குரல் ஓடைப்பக்கம் கேட்டது. உடன் வந்தவர், "அது சீகாரப் பூங்குருவிங்க. தண்ணிச் சத்தத்துக்கு மேல கேக்கணும்ல, அதான் இவ்வளவு தெளிவா அடிக்குது" என்றார். பெயர், இடம், காரணம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கிடைத்தன, இன்றுவரை மறக்கவில்லை. செயலி அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்காது.

குறைகளும் உண்டு. இருபது பேர் நடக்கும் கூட்டத்தில் பேச்சொலியே அதிகம். கூட்டம் பார்ப்பதற்காக வருகிறது. பெரிய இருவாச்சியோ கழுகோ தெரிந்தால் புதருக்குள் கேட்கும் குரலுக்காக யாரும் நிற்க மாட்டார்கள். தேர்ந்தவர் உடனே பெயர் சொல்லிவிடுவதால் நம் காது வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காமல் போவதும் நடக்கும். அதனால், "பேரைச் சொல்லிடாதீங்க, எங்கே இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது என் வழக்கம். நல்ல ஆசான்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. மாதத்துக்கு ஒரு நடை என்பது போதுமான அளவு. வாரந்தோறும் போனால் அவர்களுடைய காதையே நம்பியிருக்கும் பழக்கம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட நடைகளில் எனக்குப் பாதிக் குரல்களைக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆனைகட்டி அருகே ஒரு மரத்தடியில் நின்று, "தம்பி, மேல கதிர்க்குருவி ஏதாச்சும் கூப்புடுதா? எனக்கு அது கேக்கிறது நின்னு நாலு வருசமாச்சு" என்றார். மேலே இரண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது உச்சச் சுருதி ஒலிகளைத்தான். செண்பகமும் குக்குறுவானும் அவருக்கு இன்னும் நன்றாகக் கேட்கின்றன. இலைகளுக்கிடையே ஊசி போலப் பாயும் குரல்கள் மட்டும் இல்லாமல் போயின. செயலியின் மீது நான் வைத்திருந்த அலட்சியம் அன்றுதான் குறைந்தது. அவர் கைபேசியில் அதை ஏற்றிக் கொடுத்தேன். ஒலிப்படத்தின் மேல்பகுதியில் சிறு கொக்கிகள் ஓடத் தொடங்கியதும், "இதோ, இங்கதான் இருக்குது" என்று திரையைத் தொட்டுக் காட்டினார்.

நான்காவது வழிக்குக் கருவி ஒரு குறிப்பேடு. முறை இதுதான்: ஒரு நாளில் ஒரே ஒரு தெரியாத குரலை எடுத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரைக் கண்ணால் பார்க்கும்வரை விடுவதில்லை. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. தையல்சிட்டின் ஓங்கிய குரலை நான் முதன்முதலில் துரத்தியபோது, அவ்வளவு பெரிய சத்தத்துக்குக் குறைந்தது மைனா அளவுள்ள பறவை இருக்க வேண்டும் என்று எண்ணிப் பக்கத்துத் தோட்டத்து முருங்கையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் முழங்கால் உயரத்தில் செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து, நிமிர்ந்த வாலோடு கட்டைவிரல் தடிமனுள்ள பச்சைநிறப் பறவை ஒன்று இலைக்கு வெளியே வந்து வாயைத் திறந்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் உடம்பு முழுவதும் குலுங்கியது. தொண்டையின் இருபுறமும் இறகு விலகி ஒரு கரிய பட்டை தெரிந்து மறைந்தது. அந்த நாற்பது நிமிடத்தைப் போலப் பயன்பட்ட நேரம் என் பறவை வாழ்க்கையில் குறைவு. இப்போது குரல் கேட்டாலே அந்தக் கரிய பட்டையும் தெரிகிறது.

செம்மார்புக் குக்குறுவானும் இப்படித்தான் படிந்தது. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் "டுக், டுக்" என்று பாத்திரம் தட்டுவதைப் போல ஒலிக்கும் அந்தக் குரல் வலப்புறமா இடப்புறமா என்றே தெரியாமல் திண்டாட வைக்கும். பறவை தலையைத் திருப்பித் திருப்பி ஒலிப்பது அதற்கு ஒரு காரணம். கண்டுபிடித்துப் பார்த்தபோதுதான் அதன் அலகு மூடியே இருப்பதையும், ஒவ்வொரு தட்டலுக்கும் தொண்டைத் தோல் உப்பி அடங்குவதையும் கண்டேன். ஆண்குயில் கூவுவதும், "கிக்-கிக்-கிக்" என்று அவசரமாகக் கத்திக்கொண்டு மரம் மாறுகிற புள்ளிப் பறவை பெண்குயில் என்பதும் துரத்திப் பார்த்ததால் தெரிந்தவையே. அந்தக் கத்தலைக் கேட்டு வேறு ஏதோ பறவை என்று இரண்டு கோடைகாலம் எழுதி வைத்திருந்தேன்.

இந்த வழியின் குறைபாடு வெளிப்படையானது: மிக மெதுவானது. வாரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டாலும், பாதி நாள் பறவை பறந்துவிடும். முதல் ஆண்டில் முப்பது குரல் தேறினால் அதிகம். அடர்ந்த சோலைக்காட்டில், முப்பதடி உயரத்தில் இருப்பதை எவ்வளவு துரத்தினாலும் பார்க்க முடியாது. அங்கே இது செல்லாது. ஆனால் தேறிய முப்பதும் தேய்வதில்லை. தெரிந்த முப்பது குரல்கள் பின்னணியாகிவிட்ட பிறகு முப்பத்தொன்றாவது தானாகத் துருத்திக்கொண்டு கேட்கத் தொடங்குகிறது; அந்த நிலைக்கு வேறு எந்த வழியும் என்னைக் கொண்டுபோகவில்லை.

எனவே, வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளை அறிய விரும்பி, நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கக் கூடியவர் யாராக இருந்தாலும் நான்காவது வழியை முதலாகவும், மற்றவற்றைத் துணையாகவும் கொள்வதே நல்லது என்பது என் முடிவு. துணைகளின் வரிசையும் முக்கியம். குரலைக் கேட்டதும் முதலில் குறிப்பேட்டில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். தெரியாவிட்டால் ஒலியைச் சொல்லாக்கி எழுதுங்கள். அதன் பிறகே செயலியைத் திறங்கள். அது சொல்வதும் உங்கள் ஊகமும் ஒத்துப்போனால் நகரலாம், மாறுபட்டால் அன்றைய துரத்தலுக்கு ஆள் கிடைத்துவிட்டார். இரண்டு குரல்கள் மூன்று வாரமாகியும் பிரியவில்லையென்றால் மட்டும் இரவில் ஒலிப்பதிவுக்குப் போகலாம்.

எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தாது. கணக்கெடுப்புக்காக அடுத்த மாதம் வால்பாறைக்கோ மேகமலைக்கோ போகவிருப்பவருக்கு நாற்பது நிமிடம் ஒரு செடியின் முன்னால் நிற்க நேரமில்லை. அவர் அங்கே எதிர்பார்க்கத்தக்க இருபத்தைந்து குரல்களைப் பட்டியலிட்டு, நாளைக்கு மூன்று வீதம் பதிவுகளில் கேட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரோடு போவதே சரி. அடுக்குமாடியின் ஆறாவது மாடியில், சாலை இரைச்சலுக்கு நடுவே வாழ்பவர் செயலியைக் கூடுதலாக நம்புவதில் தவறில்லை, விடியலுக்கு முந்தைய அரை மணி நேரத்தை அவர் தேர்ந்தெடுத்தால். செவித்திறன் குறையத் தொடங்கியவர்களுக்குத் திரையில் ஓடும் ஒலிப்படம் முதல் துணையாகவே இருக்கட்டும். குழந்தைகளுக்குச் செயலியை முதலிலேயே கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அவர்கள் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், மரத்தைப் பார்ப்பதில்லை.

எப்போது தொடங்குவது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். சித்திரையில் தொடங்கினால் எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருக்கும், எதையும் தனித்துப் பிடிக்க முடியாது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நடத்திவரும் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, அதைத் தொடர்ந்து தை மாதத்தில் தொடங்குவது நல்லது. அப்போது புதரில் "செக்" என்னும் வலசைக் குருவியும், வேலியில் தையல்சிட்டும், கம்பியில் கரிச்சானும், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சலசலப்பும், வயல்வெளியில் ஆள்காட்டியும் போதும். மாசியில் குக்குறுவான் தட்டத் தொடங்கும், பங்குனியில் குயில் சேரும், அதன் பின்னால் மூன்று சொல்லாக ஏறி ஏறி உச்சியில் சட்டென்று அறுந்து நிற்கும் அக்காக்குயில் வரும். ஒவ்வொன்றாக வருபவர்களை ஒவ்வொருவராக அறிந்துகொள்ளலாம். முதல் இரண்டு வாரம் மட்டும் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.